பதினைந்து விநாடி, பெருக்கல் நான்கு

பன்னிரண்டு ஆண்டு உட்லண்ட்ஸ் வேஃபர் ஆலையில்
தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பு.
அதற்கு முயலுடுப்பு என்று பெயர்.
ஒற்றை முடி உதிர்ந்தால்
ஒரு தட்டுச் சில்லும் பாழ்,
மேலாளர் பெயரைக் குறித்துக்கொள்வார்.
இன்று தோ பாயோவில், புளோக்கின் கீழே,
ரொட்டிக் கடைக்கும் நாலு நம்பர் கடைக்கும் நடுவில்
நிஜ முயலொன்று என் மடியில்
உதிர்த்துக்கொண்டே இருக்கிறது.

"ஆன்டி, காதைப் பிடிக்காதே," என்கிறாள் ஹுய் ஷின்
(என் மகனைவிட இரண்டு வயது பெரியவள்).
"பின்காலைத் தாங்கு. பயந்து உதைத்தால்
அதன் முதுகெலும்பே முறிந்துபோகும்."
தன் பலத்தில் தானே முறியும் உயிர்.
அப்படிச் சில ஆட்களையும் எனக்குத் தெரியும்.

மூச்சை எண்ணு. பதினைந்து விநாடி.
வந்ததை நான்கால் பெருக்கு.
விலா ஏறி இறங்கினால் ஒன்று.
முதல் நாள் நான்
ஏறுவதைத் தனியாக, இறங்குவதைத் தனியாக எண்ணி
சும்மா படுத்திருந்த பூனைக்கு
மூச்சுத் திணறல் என்று எழுதிவிட்டேன்.
டாக்டர் கோ சிரிக்கவில்லை.
"இன்னொரு முறை," என்றார்.

இரவில் கணவரை எண்ணினேன்: பதினாறு.
காலை ரயிலில், எதிர் இருக்கையில்
வாய் திறந்து தூங்கிய பாதுகாவலரை
பிராடெல் வருவதற்குள் எண்ணி முடித்தேன்:
பன்னிரண்டு.

துண்டில் பூனையைச் சுற்றும் பாடத்துக்கு
ஹுய் ஷின் வைத்த பெயர் பொப்பியா.
கழுத்தோரம் ஒரு விரல் நுழைய இடம் வேண்டும்.
நான் பாவம் பார்த்து மூன்று விரல் விட்டேன்.
மணிக்கட்டில் நான்கு கோடு.
"இதுக்கா இருந்த வேலையை விட்டே?" என்றாள் நாத்தனார்.
வேலைதான் என்னை விட்டது என்பதை
அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

இந்தப் பேட்டை நாய்களுக்கு ஹொக்கியன் தெரியும்.
மாய் கியா, மாய் கியா. பயப்படாதே.
நான் கற்ற முதல் ஹொக்கியன்.
எக்ஸ்ரே அறைக் கதவருகே
எனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை திருமதி ஓங்
பழைய குழந்தைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார் கச்சாங்கை.
பதினாறு வயது. கண்ணில் பால் படர்ந்திருந்தது.
என் வேலை சின்னது:
முன்காலை நீட்டிப் பிடிக்க வேண்டும்,
முழங்கை மடிப்பில் கட்டைவிரலை அழுத்தி
நரம்பை எழுப்பித் தரவேண்டும்.
"இப்போது விடு," என்றார் டாக்டர்.
விட்டேன்.
கட்டைவிரலை எடுத்தேன், அவ்வளவுதான் நான் செய்தது.
ஓடத் தொடங்கிய மருந்து என் விரலுக்கடியில்தான்
காத்துக்கொண்டிருந்தது.

டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார்.
யாரும் சொல்லாமலே என் கண்
சுவர்க் கடிகாரத்துக்கும் விலாவுக்கும் போய்ப் போய் வந்தது.
பதினைந்து விநாடி.
பூஜ்ஜியம். அதைப் பெருக்க வேண்டியதில்லை.
பெருக்கினேன்.

திருமதி ஓங் கழுத்துப்பட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.
போனவர் திரும்பி வந்து
அரைப்பை தீனியை மேசையில் வைத்தார்.
"யாருக்காவது."
பையின் வாயில்
துணி காயப்போடும் கிளிப் ஒன்று கவ்வியிருந்தது.

கிருமிநாசினி மேசையில் பத்து நிமிடம் ஊறவேண்டும்.
முன்பே துடைத்தால் தெளித்ததே வீண்.
இந்த வேலையில் சும்மா நிற்பதற்கும்
நேரம் குறித்துத் தந்திருக்கிறார்கள்.
நின்றேன்.
ஆலைப் பழக்கத்தில் என் கை
சட்டை முடிகளைத் தட்டித் தட்டிப் பார்த்தது.

அடுத்தது ஹேம்ஸ்டர். கன்னப்பையில் வீக்கம்.
பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி,
டப்பாவின் மூடியை இன்னும் விடாமல் பிடித்தபடி.
உள்ளங்கையில் பாதிகூட நிறையாத உடம்பு.
மூச்சு மூச்சாகத் தெரியவில்லை, நடுக்கமாகத் தெரிகிறது,
இருபதைத் தாண்டினால் எனக்கு வரிசை குழம்புகிறது.
மறுபடி ஒன்றிலிருந்து.
அவள் எட்டிப் பார்த்துக் கேட்கிறாள், எத்தனை?
பொறு கண்ணு, என்கிறேன்,
அவளுக்குப் புரியாத தமிழில்,
இன்னும் முடியல.